எதிர்ப்பு வரும் நாளுக்கு முன்பே: வீட்டு ஜெபக்குழுக்களும் சிறு சபைகளும் தைரியத்துக்கு ஆயத்தப்படும் விதம்

ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் இருபது பேர் வந்து நின்று சத்தம் போட்டால், தைரியம் அந்த நிமிஷத்தில் புதிதாகப் பிறப்பதில்லை. ஏற்கெனவே உள்ளத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் வெளியே வரும். மனப்பாடம் செய்த வசனமும், பழகிய ஜெபமும், பக்கத்தில் நிற்பவர்மேல் உள்ள நம்பிக்கையும், மறைக்க எதுவுமில்லாத மனச்சாட்சியும்தான் அப்போது கைகொடுக்கும். இவை நான்கையும் அமைதியான நாட்களிலேயே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் வீட்டில் கூடி ஜெபிக்கிறவர்களையும், இங்கிருந்து வடமாநிலங்களுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

பயத்தை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்

பயப்படுகிறவருக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லும் பிரசங்கம் சபைக்குக் கெடுதல் செய்கிறது. அதைக் கேட்டவர்கள் பயத்தை ஒளித்துவைப்பார்கள். ஒளித்துவைத்த பயம் நெருக்கடியில் கோபமாகவோ ஓட்டமாகவோ வெடிக்கும். கெத்செமனேயில் இயேசுவே வியாகுலப்பட்டார். தனியாக இருக்க முடியாமல் மூன்று பேரைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். அதன் பிறகே எழுந்து நடந்தார்.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் எழுதுவது. குடும்பமாக உட்கார்ந்து மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் எதை இழக்கப் பயப்படுகிறோம் என்று எழுதுங்கள்: வாடகை வீடு, கடை வியாபாரம், ஊர்க் குழாய்த் தண்ணீர், பிள்ளையின் கல்யாணம், உடம்பில் அடி. இரண்டாவது பத்தியில், அப்படி நடந்தால் உண்மையில் என்ன செய்வோம், யார் உதவுவார் என்று எழுதுங்கள். மூன்றாவதில் அந்தப் பயத்துக்கு எதிரே பிடித்துக்கொள்ள ஒரு வசனம். “என்னமோ ஆகிவிடும்” என்ற பயத்தோடு போராட முடியாது. “வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்வார்” என்ற பயத்துக்கு வழி உண்டு: முன்பணம் எவ்வளவு, அடுத்த வீடு எங்கே, சபையில் யார் ஒரு மாதம் இடம் தருவார். வழி தெரிந்த பயம் பாதியாகக் குறைந்துவிடும். மீதியை ஜெபத்தில் வையுங்கள்.

தினமும் செய்ய வேண்டியவை

ஏழு குறு வசனங்களைத் தேர்ந்தெடுங்கள், வாரத்துக்கு ஒன்று. நீளமான பகுதிகள் பதற்றத்தில் நினைவுக்கு வருவதில்லை. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற அளவு போதும். நாங்கள் பரிந்துரைப்பவை: சங்கீதம் 56:3, சங்கீதம் 27:1, சங்கீதம் 118:6, ஏசாயா 41:10, யோவான் 14:27, 2 தீமோத்தேயு 1:7, மத்தேயு 5:44. கடைசியானது துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லும் வசனம். அதை விட்டுவிட்டு ஆறுதல் வசனங்களை மட்டும் பழகுகிற சபை, எதிர்ப்பு வரும்போது மிகச் சீக்கிரம் கசந்துபோகும்.

காலையில் மூன்று முறை, இரவு விளக்கணைக்குமுன் மூன்று முறை, சத்தமாகச் சொல்லுங்கள். மனதுக்குள் மட்டும் சொன்னால் நாக்குக்குப் பழகாது. முதல் நாளில் பார்த்து எழுதுங்கள், நான்காம் நாளில் பார்க்காமல் எழுதுங்கள். ஏழு வாரம் முடிந்ததும் முதல் வசனத்திலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். இரண்டாம் சுற்றில்தான் அது உறைக்கும். பிள்ளைகளுக்கும் இதே ஏழுதான். ஆபத்தில் குடும்பம் முழுவதும் ஒரே வசனத்தைச் சேர்ந்து சொல்ல முடிவது பெரிய பலம்.

மூச்சோடு சேர்த்தும் பழகுங்கள். “நான் பயப்படுகிற நாளில்” என்று நான்கு எண்ணும் நேரம் மூச்சை உள்ளே இழுங்கள். “உம்மை நம்புவேன்” என்று ஆறு எண்ணும் நேரம் வெளியே விடுங்கள். பத்து முறை. வெளிமூச்சு நீளும்போது நெஞ்சுப் படபடப்பு தணியும், கை நடுக்கம் குறையும், குரல் கீழே இறங்கும். வாசலில் பேசப்போகிறவருக்குக் குரல் இறங்கியிருப்பது மிக முக்கியம்.

ஜெபத்துக்கு அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தை மாதிரியாக எடுங்கள். பேதுருவும் யோவானும் மிரட்டப்பட்டு வெளியே வந்ததும் தனித்தனியே வீட்டுக்குப் போகவில்லை, தங்களைச் சேர்ந்தவர்களிடம் வந்தார்கள். அங்கே ஏறெடுத்த ஜெபத்தில் ஒரு வரிசை இருக்கிறது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் என்று தேவனை முதலில் அழைக்கிறார்கள். பிறகு இரண்டாம் சங்கீதத்தை நினைவுகூருகிறார்கள். அதன்பின் “அவர்கள் பயமுறுத்தல்களை” அவர் கவனிக்கும்படி முன்வைக்கிறார்கள். கடைசியில் “முழு தைரியத்தோடும்” வசனத்தைச் சொல்லக் கிருபை கேட்கிறார்கள். மிரட்டினவர்கள் அழிய வேண்டும் என்றோ தங்களுக்கு ஒன்றும் நேரக்கூடாது என்றோ ஒரு வார்த்தை அதில் இல்லை. வாரம் ஒரு நாள் இந்த வரிசையில் பத்து நிமிஷம் ஜெபித்துப் பாருங்கள்.

மூவர் மூவராகச் சேருங்கள். ஆளுக்கு இரண்டு பேரின் பெயரும் வீடும் தெரிந்திருக்க வேண்டும். தினம் ஒரு போன், “எப்படி இருக்கிறாய்?” என்று ஒரு கேள்வி. எதிர்ப்பில் பின்வாங்குகிறவர்களில் பலர் அதற்கு முன்பே பல மாதங்கள் தனிமையில் இருந்தவர்கள்.

நம் பக்கம் சுத்தமாக இருக்கட்டும்

இதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் தைரியத்தை உள்ளே இருந்து அரிப்பது பெரும்பாலும் நம்முடைய குறைதான். பேதுரு தன் நிருபத்தில் கொலைபாதகன், திருடன் என்ற வரிசையிலேயே “அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனாயாவது” பாடுபடக்கூடாது என்று சேர்த்திருக்கிறார். கிறிஸ்துவுக்காக வரும் பாடு வேறு, நம் முரட்டுத்தனத்தால் வரும் தகராறு வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் மனச்சாட்சி உறுதியாக நிற்காது.

முதலில் சத்தம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்த அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதே 2000-ல், சென்னையில் ஒரு சபைக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் இடையே நடந்த வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்துக்குப் பதினைந்தடி அறையில் இருபது பேருக்கு மைக் தேவையே இல்லை. எடுத்துவிடுங்கள். முழு இரவு ஜெபத்தில் பத்து மணிக்குமேல் கைத்தாளமும் டிரம்மும் வேண்டாம். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பரீட்சை மாதத்தில் கூட்ட நேரத்தையே மாற்றுங்கள், மாற்றியிருக்கிறோம் என்று போய்ச் சொல்லுங்கள். பிறகு ஒருநாள் உங்களுக்காகச் சாட்சி சொல்லப்போகிறவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கலாம்.

இரண்டாவது, இடம். குடும்ப ஜெபம் வேறு, வீட்டைப் பொது ஜெபக்கூடமாக மாற்றுவது வேறு. பொது வழிபாட்டுக்குக் கட்டடம் எழுப்ப ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வீட்டு வரி கட்டிக்கொண்டு வெளியே சபைப் பெயர்ப்பலகை மாட்டுவதுதான் பல புகார்களின் ஆரம்பம். பட்டா, வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது இவற்றின் நகல்களை ஒரு உறையிலும், இன்னொரு தொகுப்பை வேறொருவர் வீட்டிலும் வையுங்கள்.

மூன்றாவது, வாய். மற்றவர்கள் வணங்கும் தெய்வங்களைப் பழித்துப் பேசாதீர்கள், பாட்டிலும் கூடாது. பணம், வேலை, பள்ளி இடம் என்று எதையும் ஞானஸ்நானத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். நோயாளிக்காக ஜெபியுங்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதமின்றி ஞானஸ்நானம் கொடுக்காதீர்கள். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தைக் கைக்கொள்ளவும் அனுசரிக்கவும் பரப்பவும் உள்ள உரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு அது உட்பட்டது. பலவந்தத்தாலோ ஆசைகாட்டியோ மாற்றுவது அந்த உரிமைக்குள் வராது என்று 1977-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான்காவது, சாதிச் சான்றிதழ். இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, பேசியே ஆக வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் பட்டியல் சாதியினருக்கு அந்தத் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இது அநியாயம் என்று கருதி அதை எதிர்த்து வழக்காடுவது நியாயமே. ஆனால் ஞானஸ்நானத்துக்குமுன் இந்த இழப்பைப் போதகர் விளக்கியிருக்க வேண்டும். மறைத்து வாழச் சொல்லிக்கொடுத்தால், எப்போது வெளியே வருமோ என்ற பயத்தையும் சேர்த்தே கொடுத்தவர்களாவோம்.

ஐந்து பேருக்கு ஐந்து வேலை

“என்னத்தைப் பேசுவோம் என்றும் கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவர் சொன்னாரே, ஏன் இத்தனை ஏற்பாடு?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர் விலக்கியது கவலையைத்தான். மத்தேயுவின் அதே பத்தாம் அதிகாரத்தில் சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களாய் (விவேகமாய்) இருக்கச் சொன்னவரும் அவரே. பவுல் பிலிப்பியில் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி அதிகாரிகளைப் பதில் சொல்ல வைத்தார், செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார்.

வாசலில் பேச ஒருவர். போதகரே இருக்க வேண்டியதில்லை, நிதானமான மூத்த சகோதரியாக இருந்தால் பல இடங்களில் சூடு தணிகிறது. போன் செய்ய ஒருவர்: முதலில் 112, பிறகு உள்ளூர்க் காவல் நிலையம், பிறகு வழக்கறிஞர். எண்கள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் பிடுங்கப்படுவது போன்தான். பதிவு செய்ய ஒருவர், ஒருவர் மட்டும். பிள்ளைகளையும் முதியவர்களையும் உள்ளறைக்கோ பின்வாசலுக்கோ கூட்டிப்போக ஒருவர். மற்றவர்களை உட்காரவைத்து மெல்லிய குரலில் சங்கீதம் வாசிக்க ஒருவர். ஐந்து பேருக்கும் மாற்று ஆள் ஒருவர் வீதம் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கூட்டம் முடிந்தபின் பத்து நிமிஷம் நடந்து பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் பயப்படாதபடி “அவசர ஒத்திகை” என்று மட்டும் சொன்னால் போதும்.

இது இல்லாத இடங்களில் என்ன கெடுகிறது? எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். வாலிபர்கள் முன்னால் போய் நெஞ்சால் தள்ளுகிறார்கள், அந்த ஒரு தள்ளல் எதிர்ப்புகாருக்குப் போதும். யாரோ முகநூலில் நேரலை போடுகிறார்கள். அதில் வீட்டில் சொல்லாமல் வந்த ஒரு பெண்ணின் முகம் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. வீடியோவைப் பதிவு செய்யுங்கள், பரப்பாதீர்கள். மூலப் பதிவை வெட்டாமல் வேறொரு போனுக்கும் ஒரு பென் டிரைவுக்கும் மாற்றிவையுங்கள்.

அந்த நேரம் வந்தால்

வாசலில் பேசுகிறவர் உட்காராமலும் விரல் நீட்டாமலும், கைகள் தெரியும்படி நிற்கட்டும். சொல்ல வேண்டியது சிறியது: “வாங்கண்ணே. என்ன விஷயம்னு சொல்லுங்க. உள்ள பெரியவங்களும் பிள்ளைகளும் இருக்காங்க, நாம வெளியே நின்னு பேசிக்கலாம். எங்களால ஏதாவது தொந்தரவு இருந்தா சரி பண்றோம்.” விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் ஒளிக்க வேண்டாம். “ஆமாண்ணே, நாங்க இயேசுவை வணங்குறவங்க” என்று ஒரு வரி போதும், அங்கே பிரசங்கம் வேண்டாம். பேதுரு சொன்னபடி சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்வது இந்த இடத்துக்குத்தான் முழுவதும் பொருந்தும்.

கை நீண்டுவிட்டால், தலையையும் வயிற்றையும் மூடிக்கொண்டு பின்வாங்குங்கள். திருப்பி அடிக்காதீர்கள். கிழிக்கப்படும் வேதாகமத்துக்காகச் சண்டைக்குப் போகாதீர்கள், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். வழி கிடைத்ததும் பிள்ளைகளோடு வெளியேறுங்கள்.

காவல்துறை வந்தால் மரியாதையாக வரவேற்று, “என்ன புகார், யார் குடுத்ததுன்னு சொன்னா பதில் சொல்றோம் சார்” என்று கேளுங்கள். எதிலும் அவசரமாகக் கையெழுத்துப் போட வேண்டாம். வெள்ளைத் தாளில் கையெழுத்தே கூடாது. “இனி ஜெபம் நடத்தமாட்டேன்” என்று எழுதித் தரச் சொன்னால், வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அமைதியாகச் சொல்லுங்கள். அழைப்பாணை தந்தால் வாங்கிக்கொண்டு, “பெற்றுக்கொண்டேன்” என்று மட்டும் தேதியும் நேரமும் சேர்த்து எழுதுங்கள். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் வரும் அறிவிப்பு, ஆஜராகச் சொல்வது. அதன்படி ஆஜரானால் வழக்கமாகக் கைது இல்லை.

கைது என்றால் ஏன் என்று சொல்லியாக வேண்டும் (பிரிவு 47), உறவினர் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும் (48), விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம் (38), பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் (58). விதிவிலக்கான சூழ்நிலை தவிர, பெண்களைச் சூரியன் மறைந்தபின் கைது செய்யக்கூடாது. இந்தப் பிரிவு எண்களை வாசலில் நின்று ஒப்பிக்காதீர்கள், அது சவாலாகத் தெரியும். தெரிந்து வைத்திருந்தாலே முகத்தில் அமைதி வரும்.

புகார் கொடுப்பது

அடிபட்டிருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. எப்படிக் காயம் வந்தது என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஏ.ஆர். என்று சொல்லும் அந்தப் பதிவு இல்லாமல், தனியார் கிளினிக்கில் தையல் போட்டுவிட்டு வருகிறவர்களின் வழக்கு பின்னால் பலவீனமாகிவிடலாம். “கீழே விழுந்துவிட்டேன்” என்று பயத்தில் சொன்னால் அதுவே பதிவாகிவிடும்.

புகாரை அன்றே எழுதுங்கள். ஒன்றரைப் பக்கம் போதும். நாள், நேரம், இடம், யார் யார் (பெயர் தெரியாவிட்டால் அடையாளம், வண்டி எண்), என்ன சொன்னார்கள் என்பது அவர்கள் வார்த்தையிலேயே, என்ன செய்தார்கள், என்ன சேதம், யார் பார்த்தார்கள். “மதவெறியர்கள்” போன்ற வார்த்தைகளும் கட்சிப் பெயர்களும் வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். மிகைப்படுத்திய ஒரு வரி மற்ற உண்மை எல்லாவற்றையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

ஜூலை 1, 2024 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், சட்டப்படி நடக்கும் வழிபாட்டுக் கூட்டத்தை வேண்டுமென்றே குலைப்பது பிரிவு 300, வழிபாட்டு இடத்தைச் சேதப்படுத்துவதோ தீட்டுப்படுத்துவதோ பிரிவு 298, மிரட்டல் பிரிவு 351. முதல் தகவல் அறிக்கை பதிந்தால் நகல் இலவசம். சம்பவம் நடந்தது வேறு எல்லை என்றாலும் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். பதியவில்லை என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்ப வேண்டாம். அதன்பின் புகாரின் சாரத்தை பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவர். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பது தடையாகக் கூடாது. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். எண் 15100.

தாசில்தாரோ கோட்டாட்சியரோ சமாதானக் கூட்டம் கூட்டினால் போங்கள். மூன்று பேர் போதும், ஒருவர் பேசினால் போதும். கூட்ட நேரம், ஒலி அளவு, வண்டி நிறுத்தும் இடம் இவற்றில் விட்டுக்கொடுக்கலாம். வணங்கும் உரிமையை எழுத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வடமாநிலங்களில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு திரும்பப் பெறப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ மதம் மாறுகிறவர் 60 நாள் முன்பும், சடங்கை நடத்துகிறவர் ஒரு மாதம் முன்பும் மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். கட்டாயப்படுத்தவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் மேலேயே விழுகிறது. போகிற மாநிலத்தின் சட்டத்தைப் படிக்காமல், அந்த ஊர் வழக்கறிஞர் ஒருவரைத் தெரிந்துகொள்ளாமல், பேசப்படும் மொழியைக் கற்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். அனுப்பும் சபை இதில் அலட்சியமாக இருந்தால், சிறையில் இருக்கப்போவது அங்கே போன குடும்பம்தான்.

வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு என்றால்

புதிதாக விசுவாசத்துக்கு வந்த மருமகளுக்கோ கல்லூரி மாணவனுக்கோ கூட்டம் வாசலில் வருவதில்லை, சாப்பாட்டு நேரத்தில் வருகிறது. அவர்களிடம் “உடனே எல்லாருக்கும் சாட்சி சொல்” என்று தள்ளாதீர்கள். முதல் ஆறு மாதம் வீட்டு வேலையிலும் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையிலும் முன்பைவிட ஒரு படி கூடுதலாக இருக்கட்டும். வேதாகமத்தைப் பிடுங்கினால் மனப்பாட வசனம் இருக்கிறது. அடி, பூட்டிவைத்தல், பட்டினி என்று போனால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய சிலுவை என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. சபையிலிருந்து ஒரு பெண் அவரோடு கூடவே போகட்டும்.

ஓடுவதா, நிற்பதா

“ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்” என்பது ஆண்டவரின் கட்டளை. பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா சபையின் பேராயர் போலிக்கார்ப்பும் நண்பர்கள் வற்புறுத்தியதால் முதலில் ஒரு பண்ணை வீட்டுக்கு விலகினார். பிடிக்க வந்தபோது வந்தவர்களுக்கு உணவு வைக்கச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டு இரண்டு மணி நேரம் ஜெபித்தார். அதே நிகழ்வைப் பதிந்த பழைய ஏடு இன்னொருவரையும் குறிப்பிடுகிறது. குவிந்து என்ற ஒருவன் தானாக முன்வந்து பிடிபட்டு, மற்றவர்களையும் அப்படித் தூண்டியவன். காட்டு மிருகங்களைப் பார்த்ததும் நடுங்கிப் பலியிட்டான். பாடுகளைத் தேடிப் போகாதீர்கள், போகச் சொல்கிறவருக்குச் செவிகொடுக்காதீர்கள்.

எப்போது விலகுவது? பிள்ளைகள் உயிருக்கு ஆபத்து என்றால், காவல்துறை பாதுகாப்புத் தர முடியாது என்றால், நீங்கள் இருப்பதாலேயே மற்ற விசுவாசிகள் தாக்கப்படுவார்கள் என்றால், அன்றிரவே விலகுங்கள். மூன்று நாள் துணி, அடையாள அட்டைகள், மருந்து, கொஞ்சம் ரொக்கம் கொண்ட ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும். எப்போது நிற்பது? விலகினால் கவனிப்பாரற்றுப்போகும் ஆட்கள் உங்கள் பொறுப்பில் இருக்கும்போது. மேய்ப்பன் தனியாகத் தீர்மானிக்க வேண்டாம், இரண்டு மூப்பரும் மனைவியும் சேர்ந்து முடிவெடுக்கட்டும்.

நிற்பது நீண்ட காலம் ஆகலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்த தேவசகாயம் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இடையில் ஏறத்தாழ மூன்று வருஷம் சிறையும், எருமை மேல் ஊர்வலமும், அடியும். விசுவாசத்துக்கு வருமுன் துயரத்தில் இருந்தபோது டச்சுப் படைத்தலைவர் டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் சரித்திரம். பாடுகளின் புத்தகத்திலிருந்தே ஆரம்பித்தவர் பாடுகளில் அதிர்ச்சியடையவில்லை. புதிய விசுவாசிகளுக்கு ஆசீர்வாத வசனங்களை மட்டும் கற்பிக்கும் சபைகள் இதை யோசிக்க வேண்டும்.

பிறகு வரும் நாட்கள்

முதல் மூன்று நாட்கள் அந்தக் குடும்பம் சமைக்கக்கூடாது, சபை சமைக்கட்டும். இரவில் இரண்டு பேர் துணைக்குத் தங்கட்டும். பார்க்க வருகிறவர்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவர்களைச் சோர்வாக்காதீர்கள். உட்கார்ந்து, ஒரு சங்கீதம் வாசித்து, எழுந்து வாருங்கள். பிள்ளைகள் படுக்கையை நனைக்கலாம், கதவு தட்டினால் அலறலாம். அது நான்கு வாரத்துக்குமேல் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வழக்குச் செலவு, மருந்துச் செலவு, இழந்த கூலி மூன்றுக்கும் சபையில் தனிக்கணக்கு வைத்து, இரண்டு பேர் கையெழுத்தோடு செலவழியுங்கள். இந்தப் பணத்தில் கணக்கு குழம்பினால் வெளியாரின் தாக்குதலைவிட அதுவே சபையை அதிகம் உடைக்கும்.

மன்னிப்பைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. மன்னித்தால் புகாரை வாபஸ் வாங்க வேண்டும் என்று ஊரார் சொல்வார்கள், சில போதகர்களும் சொல்வார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப், தீமோத்தேயுவும் வண்டிக்குள் எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்ததாகச் சொன்னார், பாரிபதாவின் தொழுநோயாளர் இல்லத்தில் 2004 வரை பணியைத் தொடர்ந்தார். வழக்கு அதன் வழியில் நடந்தது, முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை 2011-ல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. மன்னிப்பு நம் இருதயத்துக்கும் தேவனுக்கும் உரியது. தண்டனை அரசுக்கு உரியது. அடித்தவர் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபியுங்கள், நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லுங்கள். முதல் வாரத்திலேயே “மன்னித்துவிட்டேன்” என்று சபைமுன் சொல்லும்படி யாரையும் நெருக்காதீர்கள். உள்ளே ஆறாமல் வாயால் சொன்னது பிறகு தூக்கமின்மையாகத் திரும்பும்.

பயந்து மறுதலித்தவர்கள்

எழுதிக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். வேதாகமத்தைத் தாங்களே எரித்தவர்கள், சிலுவையைக் கழற்றி எறிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களைச் சபை எப்படி நடத்துகிறது என்பதை மற்ற எல்லாரும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் தேசியு எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது மிகப் பலர் பலியிட்டார்கள், சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் சிப்ரியானும் மற்றப் பேராயர்களும் கூடி, எல்லாரையும் ஒரே தராசில் வைக்காமல், அவரவர் செய்ததைப் பார்த்து மனந்திரும்புதலின் வழியைத் தீர்மானித்தார்கள். அந்த ஒழுங்கு இன்றைக்கும் உதவும்.

ஒரு வாரத்துக்குள் போதகர் தாமே போய்ப் பார்க்கட்டும், கூட்டத்தோடு போகாமல் இன்னொருவரை மட்டும் கூட்டிக்கொண்டு. விசாரிக்காமல், நடந்ததை அவர் சொல்லக் கேட்கட்டும். யார் மிரட்டினார், எதைச் சொல்லி மிரட்டினார் என்பதையும் கேளுங்கள், பல நேரம் அடுத்த ஆபத்தைப் பற்றிய துப்பு அதில் இருக்கும். மற்றவர்களைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவர்களிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போங்கள். மேடையில் ஏற்றி அழவைக்காதீர்கள். பிரசங்கம், பொருளாளர் போன்ற பொறுப்புகள் ஓராண்டு காத்திருக்கட்டும். ஆனால் பாய் விரிக்கவும், தண்ணீர் எடுத்துவைக்கவும், சாப்பாடு பரிமாறவும் திரும்பி வந்த முதல் ஞாயிறே அவருக்கு இடம் கொடுங்கள். மூவர் குழுவில் அவருக்கு இரண்டு பேரைக் குறித்துக் கொடுத்து, ஏழு வசனங்களை முதலாவதிலிருந்து அவரோடு சேர்ந்து சொல்ல ஆரம்பியுங்கள்.